ஏரி வாரியமும் எண்ணெய் எஞ்சினும்

2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம். மிக்ஜாம் புயல் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் கொட்டித் தீர்த்துவிட்டு, ஆந்திராவில் கரையேறி மூன்று நாள் ஆகியிருந்தது. கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் ஒரு தொழிற்பேட்டைக்குப் பின்புறம் குடியிருக்கும் என் பால்ய சிநேகிதரைப் பார்த்து வரக் கிளம்பினேன். அவர் லேத் பட்டறைத் தொழிலாளி. டெலிபோனில் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. மழை நின்று மூன்று நாள் ஆயிற்றே, தண்ணீர் வடிந்திருக்கும் என்பது என் எண்ணம். பட்டணத்தில் மாடியில் குடியிருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட எண்ணங்கள் சுலபமாக உண்டாகின்றன.

தண்ணீர் வடியவில்லை. முழங்காலுக்கு மேல் நின்றது. கறுத்த தண்ணீர், அதன் மேல் எண்ணெயின் மினுமினுப்பு. தெருமுனையில் சற்று மேடான இடத்தில், இரண்டு சக்கர வண்டி ஒன்றின் மேல் ஒரு டீசல் எஞ்சின் பம்பை நிறுத்தியிருந்தார்கள். அதன் குழாய் மலைப்பாம்பு மாதிரி தண்ணீருக்குள் கிடந்தது. எஞ்சின் ஓடவில்லை. அதைச் சுற்றி முப்பது பேர் நின்றார்கள். அந்த முப்பது பேரில் என் சிநேகிதரும் ஒருவர்.

"வாய்யா, நல்ல நேரத்திலே வந்தே!" என்று வரவேற்றார். பிறகு கதையைச் சொன்னார். முதல் நாள் பம்பு வந்தது, டீசல் இல்லை. இரண்டாம் நாள் டீசல் வந்தது, எஞ்சினை ஓட்டுகிறவர் வரவில்லை. மூன்றாம் நாள் இரண்டும் வந்து சேர்ந்தன. ஆனால் குழாயின் அடிவாயில் பிளாஸ்டிக் பைகள் போய் அடைத்துக்கொண்டன. பம்பு தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்தது. "யாரைக் கேட்டாலும் 'மேலே சொல்லியிருக்கோம்' என்கிறார்கள். மேலே என்றால் எங்கே? ஆகாசத்திலேயா?" என்றார் சிநேகிதர்.

நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோதே பையன்கள் இருவர் தண்ணீரில் மூழ்கிக் குழாயின் வாயைச் சுத்தம் செய்தார்கள். எஞ்சின் கர்ஜித்தது. குழாயின் மறுமுனையிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. எல்லாரும் கை தட்டினார்கள். அப்போது திண்ணையின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவி கேட்டாள்:

"ஏம்பா, இந்தத் தண்ணிய எங்கேப்பா கொண்டுபோய் ஊத்தறீங்க?"

"அடுத்த தெருவுல கால்வா இருக்கு ஆயா."

"அந்தக் கால்வாதான் ரொம்பி வழியுதே! அங்க இருக்கறவங்க மட்டும் மனுசங்க இல்லியா?"

பையன் பதில் சொல்வதற்குள் அடுத்த தெருக்காரர்கள் வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை எழுதுவதற்கில்லை. கால் மணி நேரத்தில் எஞ்சின் மறுபடியும் நின்றது. இந்தத் தடவை நிறுத்தியவை மனிதக் கைகள்.

திரும்பி வரும்போது தெருவின் பெயர்ப் பலகையைப் பார்த்தேன். 'ஏரிக்கரைத் தெரு' என்று எழுதியிருந்தது. ஏரி எங்கே என்று சிநேகிதரைக் கேட்டேன். "நாம நிக்கிறோமே, இதுதான்" என்றார்.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். கணக்கில் சூரன் அல்ல. ஆனாலும் அன்று இரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுரக் கிலோமீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், விழுகிற தண்ணீர் 1 லட்சம் கன மீட்டர். அதாவது 10 கோடி லிட்டர். விநாடிக்கு 50 லிட்டர் இறைக்கும் பம்பு ஒன்று நிற்காமல் ஓடினால், அதை இறைத்து முடிக்க 23 நாள் ஆகும். இது 10 சென்டிமீட்டருக்குக் கணக்கு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவானதோ 49 சென்டிமீட்டர். இத்தனைக்கும் அந்த 23 நாளும் டீசல் இருக்க வேண்டும், ஆள் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் பை வரக்கூடாது, அடுத்த தெருக்காரர்களும் வரக்கூடாது.

அப்படியானால் எஞ்சினும் பம்பும் இல்லாத காலத்தில் இந்த ஜில்லாவில் தண்ணீர் எப்படி வடிந்தது? மழை அப்போதும் பெய்தது. பூமி அப்போதும் தட்டையாகத்தான் இருந்தது.

திருவள்ளூர்ச் சீமையின் பூமியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வடக்கே ஆரணியாறு, ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரிக்குப் போகிறது. நடுவே கொசஸ்தலையாறு; பூண்டி, தாமரைப்பாக்கம், வல்லூர் என்று நடந்து எண்ணூரில் கடலைக் காண்கிறது. தெற்கே, கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையிலிருந்து பிரிந்து சென்னைக்குள் நுழையும் கூவம். மூன்றும் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடந்து, ஐப்பசி கார்த்திகையில் மட்டும் பெருக்கெடுக்கும் ஆறுகள். மேற்கே மேடு, கிழக்கே கடல். இரண்டுக்கும் இடையில் சரிவு என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒரு மெல்லிய சரிவு. இந்தச் சரிவை நம்பித்தான் நம் முன்னோர் படி படியாக ஏரிகளைக் கட்டினார்கள்.

ஏரி என்றால் வெறும் பள்ளம் அல்ல. அதற்கு ஒரு கரை உண்டு. பயிருக்குத் தண்ணீர் விட மதகு உண்டு. நிறைந்த பின் மிஞ்சிய தண்ணீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கலங்கல் உண்டு. அந்தக் கலங்கலிலிருந்து ஒரு கால்வாய் புறப்பட்டு அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அது நிறைந்ததும் அதற்கடுத்த ஏரிக்கு. இப்படியே கடைசி ஏரியின் கலங்கல் ஆற்றிலோ பழவேற்காட்டிலோ போய் முடியும். மழைத் தண்ணீரை ஒரே நாளில் கடலுக்கு விரட்ட வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் தங்கிவிட்டுப் போகச் சொன்னார்கள். கிழவி கேட்ட கேள்விக்கு அந்த நாளில் பதில் இருந்தது. எங்கே ஊற்றுவது என்பதை, ஏரியைக் கட்டும்போதே தீர்மானித்துவிட்டுத்தான் கட்டினார்கள்.

கட்டினால் மட்டும் போதாது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். புழற்கோட்டமும் ஈக்காட்டுக் கோட்டமும் அடங்கிய அதே தொண்டை நாட்டில், தெற்கே சில மணி நேரப் பிரயாணத்தில் இருக்கிறது உத்திரமேரூர். அங்கே கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது, ஏறக்குறைய கி.பி. 921. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். 30 குடும்புகளிலிருந்து பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறு பிள்ளையைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அந்த விதமாகத் தேர்ந்தவர்களில் 6 பேர் ஏரி வாரியம். அவர்கள் பதவிக் காலம் 360 நாள்.

எல்லாரும் இதைச் சொல்லி, "பார்த்தீர்களா, அப்போதே நம்மிடம் ஜனநாயகம் இருந்தது" என்று மார்தட்டிக்கொள்வது வழக்கம். எனக்கு அதில் அவ்வளவு உற்சாகம் இல்லை. குடத்தில் பெயர் விழுவதற்குச் சொந்த நிலமும் மனையும் வேண்டும். வேதப் படிப்பு வேண்டும். 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும். கரையில் மண் சுமந்தவன் பெயரும், வெள்ளத்தில் முங்கி மதகைத் திறந்தவன் பெயரும் அந்தக் குடத்துக்குள் போனதில்லை. ஆகவே அதை ஜனநாயகம் என்று கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை.

என்னைக் கவர்ந்தது அந்தக் கல்வெட்டில் உள்ள வேறொரு விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன், மறுபடி எந்த வாரியத்துக்கும் வர முடியாது. அவன் மட்டும் அல்ல, அவனுடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது! ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், ஏரி உடைந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பதில் அந்த ஊரில் சந்தேகமே இருந்திருக்காது. 6 பேர். 360 நாள். அவர்கள் வீடு எது, அண்ணன் தம்பி யார், எல்லாம் ஊருக்குத் தெரியும். "மேலே சொல்லியிருக்கிறோம்" என்று அவர்களால் சொல்லியிருக்க முடியாது.

இந்த ஏற்பாடு எப்போது குலைந்தது? ஒரே நாளில் குலையவில்லை. 1763-இல் ஆர்க்காட்டு நவாப் செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தாமஸ் பர்னார்டு என்ற என்ஜினீயர் 1767 முதல் 1774 வரை அந்தச் சீமையை அளந்தார். சுமார் 2,000 கிராமங்களின் விவரங்களைத் திரட்டினார். களத்துமேட்டில் நெல்லை அளக்கும்போதே தச்சனுக்கு இவ்வளவு, கொல்லனுக்கு இவ்வளவு, ஏரிக்கு இவ்வளவு என்று ஒதுக்கிவிட்டுத்தான் பாக்கியைப் பங்கிட்டார்கள் என்பது அதிலிருந்து தெரிகிறது. ஊரில் ஏரிக்கும் ஒரு பங்கு இருந்தது. 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் சீமை பாழாயிற்று. 1794-இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் உடைந்த ஏரிகள் பலவற்றைப் பழுது பார்த்தார். மதுராந்தகம் ஏரியை அவர் காலத்தில் ராமனே காத்தான் என்ற கதை இன்றும் அந்தப் பக்கத்தில் வழங்குகிறது. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனால் ஒரு கலெக்டர் கொட்டுகிற மழையில் ஏரிக்கரையில் போய் நின்றார் என்று ஜனங்கள் இருநூறு வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். அதில் ஒரு மரியாதை இருக்கிறது.

பிறகு வரிவசூல் சர்க்கார் கைக்குப் போயிற்று. ஏரியின் பங்கும் அதோடு போயிற்று. முன்பு ஊரார் கூடிச் செய்து வந்த குடிமராமத்தை வாங்குவதற்கு 1858-இல் ஒரு சட்டமே போட வேண்டி வந்தது. கட்டாய உழைப்புச் சட்டம் என்பது அதன் பெயர். வருமானத்தை ஒருவர் எடுத்துக்கொண்டு, மண்வெட்டியை மட்டும் இன்னொருவர் கையில் கொடுத்தால் வேலை எப்படி நடக்கும்?

இதற்கிடையில் சென்னைப் பட்டணத்துக்குத் தாகம் எடுத்தது. 1872-இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் வந்தது. 1914-இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் திறந்தார்கள். மேயர் சத்தியமூர்த்தியின் பெருமுயற்சியால் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் முடிந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. முந்தின வருஷமே காலமாகிவிட்டார். வயலுக்கென்று கட்டிய ஏரிகள் பட்டணத்தின் குடமாக மாறின. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் நானும் வளர்ந்தேன்.

பட்டணம் ஏரியைக் குடித்ததோடு நிற்கவில்லை. அதன் மேல் வீடும் கட்டிக்கொண்டது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை பிறைபோல் வளைந்து கிடந்தது ஒரு நீண்ட ஏரி. 1920-களில் அதன் மாம்பலம் பகுதியை வற்ற வைத்துத் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். ஏரி போன பிறகும் 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் மேற்கு மாம்பலத்தில் மிஞ்சியது. 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டமும் பழைய ஏரித் தரையில்தான் நிற்கிறது. பிறகு 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அது அம்பத்தூர் ஏரிக்கும் கொரட்டூர் ஏரிக்கும் பக்கத்திலேயே வளர்ந்தது. மேல் ஏரியின் மிச்சம் கீழ் ஏரிக்குப் போகிற வழியில் சாலைகளும் சுவர்களும் எழும்பின. பெருமழை பெய்த வருஷங்களில் அங்கே பட்டறைகளுக்குள் தண்ணீர் புகுந்து யந்திரங்கள் நின்று போவதை 2015-லும் பார்த்தோம், 2023-லும் பார்த்தோம்.

தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் சிநேகிதர் வீட்டில் அடுப்பு எரிவது லேத்தினால். ஆனால் கும்மிடிப்பூண்டி தாலூகாவிலேயே தேர்வாய்கண்டிகை என்று ஓர் ஊர் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே மேட்டு நிலத்தில், மேய்ச்சலுக்கென்று இருந்த பூமியில், சிப்காட் தொழிற்பூங்கா வந்தது. எங்கள் ஏரி குளங்களுக்குத் தண்ணீர் வருவது இந்த மேட்டுக் காட்டிலிருந்துதான் என்று சொல்லி ஊரார் போராடினார்கள். பூங்கா வந்தே விட்டது. 2020 நவம்பரில், அதே ஊரில், கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய்கண்டிகை ஏரியையும் ஒன்றாக இணைத்து 500 மில்லியன் கன அடி கொள்ளளவில் ஒரு புதிய நீர்த்தேக்கத்தைத் திறந்தார்கள். பூண்டிக்கு 76 வருஷத்துக்குப் பிறகு சென்னையின் தாகத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கம் அது. ஒரே ஊரில் ஒரு கை தண்ணீர் வரும் மேட்டை எடுக்கிறது. மறு கை தண்ணீர் தங்கும் பள்ளத்தைக் கட்டுகிறது. இரண்டு கைகளும் ஒரே உடம்பில் இருப்பவைதானா என்று சாமானியனுக்குச் சந்தேகம் வந்தால் அவன் மேல் தப்பில்லை.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிட்டார்கள். கரையோரத்துச் சென்னை மூழ்கியது. மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை சட்டசபைக்கு வந்தது 2018-இல். வந்தது வெறும் மழையின் வெள்ளம் அல்ல, மனிதனின் காரியமும் அதில் உண்டு என்று அது சொல்லிற்று. கணக்கு வந்தது, ஆனால் இரண்டரை வருஷம் கழித்து வந்தது. பிறகு ஆசிய வளர்ச்சி வங்கியிடம் 25 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கிக் கொசஸ்தலையாற்றுப் படுகையில், மணலி, அம்பத்தூர், மாதவரம் பக்கங்களில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மழைநீர்க் கால்வாய் கட்டும் திட்டம் 2021-இல் ஏற்பாடாயிற்று. கால்வாய் நல்லதுதான். ஆனால் அந்தத் தண்ணீரெல்லாம் கடைசியில் போய்ச் சேர வேண்டிய எண்ணூர்க் கழிமுகமோ சாம்பலாலும் சேற்றாலும் மேடிட்டுக் கிடக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் பரவி, செம்படவர் வலைகளும் படகுகளும் கறுத்துப் போயின. கிழவியின் கேள்விதான் மறுபடியும்: எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறீர்கள்?

இது நம் ஊர்க் கஷ்டம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் என்ற நகரம் இருக்கிறது. ஒரு பக்கம் மிஸிஸிப்பி நதி, மறு பக்கம் ஒரு பெரிய ஏரி. நடுவே கிண்ணம் போன்ற பூமி. அங்கே பால்ட்வின் வுட் என்ற என்ஜினீயர் 1910-களில் பிரம்மாண்டமான பம்புகளை அமைத்தார். உலகமே வந்து பார்த்து வியந்தது. சதுப்பு நிலம் வற்றியது, வீடுகள் எழும்பின. ஆனால் வற்றிய சதுப்பு மண் வருஷா வருஷம் அமுங்கத் தொடங்கியது. பூமி தாழத் தாழப் பம்பின் தேவை கூடியது. அந்த நகரத்தில் பாதி இப்போது கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஒரு தடவை பம்பை நம்பிய ஊர், பிறகு பம்பை விட்டால் பிழைக்க முடியாது.

2017 ஆகஸ்டு 5-ஆம் தேதி அங்கே ஒரு பெருமழை. புயல்கூட இல்லை; வெறும் மழைதான். தெருக்களில் வெள்ளம் புகுந்தது. "பம்புகள் எல்லாம் சரியாக ஓடுகின்றன" என்று அதிகாரிகள் சொன்னார்கள். சில நாளில் உண்மை வெளிவந்தது. பல பம்புகள் ஓடவில்லை. அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் யந்திரங்களும் பழுதாகிக் கிடந்தன. ஊர் கொதித்தெழுந்தது. மேல் அதிகாரிகள் சிலர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. பம்பு பழுதாவதை ஜனங்கள் ஒருவேளை மன்னித்திருப்பார்கள். இரும்புதானே, பழுதாகத்தான் செய்யும். கணக்கைப் பொய்யாகச் சொன்னதைத்தான் அவர்களால் மன்னிக்க முடியவில்லை.

உத்திரமேரூர்க் கல்லில் வெட்டிய விதி எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கரை உடைந்ததற்கு அவர்கள் தண்டனை எழுதி வைக்கவில்லை. கணக்குச் சொல்லாததற்கு எழுதி வைத்தார்கள்.

பழைய ஏரிகளை எல்லாம் திரும்பக் கொண்டுவர முடியாது. தியாகராய நகரைக் காலி செய்துவிட்டு அங்கே மீன் பிடிக்கப் போவது நடக்கிற காரியம் அல்ல. பம்பும் வேண்டியதுதான். தரைக்குக் கீழே ரயில் பாலச் சுரங்கப் பாதையில் நிற்கிற தண்ணீரை, ஏரி வாரியமே வந்தாலும் பம்பு இல்லாமல் எடுக்க முடியாது. ஆனால் மிஞ்சியிருக்கிற ஏரிகளின் கலங்கலை அடைக்காமல் இருக்கலாம். ஒரு கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் வழியைச் சர்வே படத்தில் இருக்கிற அகலத்துக்கு விட்டு வைக்கலாம். அந்த வழியில் பட்டா கொடுக்காமல் இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் டீசல் செலவு இல்லை.

பம்பு நிற்கிற இடத்தில் ஒரு பலகையும் வைக்கலாம். இந்தப் பம்பை ஓட்டுகிறவர் இன்னார், கடைசியாக ஓட்டிப் பார்த்தது இன்ன தேதி, இது இறைக்கும் தண்ணீர் போய்ச் சேரும் இடம் இன்னது என்று மூன்றே வரி. ஐப்பசி பிறப்பதற்கு முன் ஊராரைக் கூட்டி, அவர்கள் முன்னால் ஒரு தடவை ஓட்டிக் காட்டலாம். இது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் அல்ல. ஆயிரத்து நூறு வருஷத்துப் பழைய யோசனை.

போன மாதம் சிநேகிதர் வீட்டுக்கு மறுபடி போயிருந்தேன். நல்ல வெயில். தெரு காய்ந்து கிடந்தது. சுவர்களில் இடுப்பளவு உயரத்தில் வெள்ளத்தின் கறுப்புக் கோடு மட்டும் அழியாமல் இருந்தது. சுண்ணாம்பு அடித்து மறைத்துவிடக் கூடாதா என்று கேட்டேன்.

"மறைக்கலாம்தான். ஆயா வேண்டாம்னுட்டாங்க. நம்ம கிட்ட இருக்கிற கணக்கு அது ஒண்ணுதானாம்" என்றார்.